சாணை பிடித்து வந்த ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால்

பட்டறையில் கொடுத்துத் தீட்டி, மெழுகேற்றி வாங்கி வந்த பனிச்சறுக்கு ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டு முதல் சரிவில் இறங்குகிறீர்கள். போன வாரம் வரை சொன்னபடி திரும்பிய ஸ்கீ இன்று முரண்டு பிடிக்கிறது. முனை பனியைக் கவ்விக்கொண்டு விட மறுக்கிறது. அல்லது கெட்டிப்பனியில் கால் நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகிறது. அல்லது எல்லோரும் சும்மா நின்றபடி சறுக்கிக் கடக்கும் சமதளத்தில் நீங்கள் மட்டும் கோலை ஊன்றித் தள்ள வேண்டியிருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர் இந்த இடத்தில் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். காசு கொடுத்துச் சரிசெய்த பொருளில் குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

எனக்கும் அப்படித்தான் ஆனது. பனிச்சறுக்கு பழகிய இரண்டாவது பருவம் அது. தீட்டி வந்த முதல் நாளிலேயே நான்கு முறை விழுந்தேன், நான்கும் இடப்பக்கம் திரும்பும்போது. மதியம்வரை இடுப்பைத் திருத்தினேன், முழங்காலைத் திருத்தினேன், பார்வையைத் திருத்தினேன். கூட வந்த நண்பர்தான், "காலை விடு, ஸ்கீயை மாத்திப் போட்டுப் பாரு" என்றார். வலது ஸ்கீயை இடது காலுக்கும் இடதை வலதுக்கும் மாற்றியதும் அந்தப் பிடிப்பு போய்விட்டது. அன்று இரவு ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து வலது ஸ்கீயின் உள்விளிம்பில் குறுக்கே இழுத்தேன். பாதத்துக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குப் பஞ்சின் இழைகள் வரிசையாக மாட்டித் தொங்கின. நாள் முழுக்க என்னைத் தள்ளிவிட்டது கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறுதான்.

அதிலிருந்து ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது. முதலில் பார்ப்பது, அடுத்தது துடைப்பதும் சுரண்டுவதும், அதற்கு அடுத்தது மென்கல்லால் உரசுவது, அரம் எல்லாவற்றுக்கும் கடைசி. மெழுகைக் கூட்டலாம், குறைக்கலாம், மறுபடி ஏற்றலாம். விளிம்பிலிருந்து சீவி எடுத்த உருக்கை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

ஸ்கீயில் எதைத் தீட்டுகிறார்கள்?

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஸ்கீயின் அடியில் பனியைத் தொடுவது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தகடு. கடைக்காரர்கள் இதை பேஸ் என்பார்கள், நான் அடித்தளம் என்கிறேன். தடிமன் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதன் இரு ஓரங்களிலும் ஓடும் மெல்லிய உருக்குப் பட்டைதான் விளிம்பு, அதாவது எட்ஜ். மரத்தாலான ஸ்கீக்கு இப்படி உருக்கு விளிம்பு பொருத்தும் முறைக்கு 1926-இல் காப்புரிமை பெற்றவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர். அதற்கு முன் கெட்டிப்பனியில் மர ஓரம் மழுங்கிப் போய், பிடிமானம் என்பதே பெரும்பாடாக இருந்தது.

விளிம்புக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஸ்கீயின் அடிப்பக்கத்தோடு சேர்ந்து கீழே பார்ப்பது அடிமுகம். பக்கவாட்டில் பார்ப்பது பக்கமுகம். இரண்டும் சந்திக்கும் கோடுதான் பனியை வெட்டுகிறது. அடிமுகத்தை அடித்தளத்தின் மட்டத்திலிருந்து அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை சற்றே சாய்த்துச் சீவியிருப்பார்கள். ஸ்கீயைத் தட்டையாக வைத்திருக்கும்போது விளிம்பு பனியில் சிக்காமல் இருப்பது இந்தச் சாய்வால்தான். பக்கமுகத்தில் ஒன்று முதல் மூன்று டிகிரி வரை சாய்வு இருக்கும். கெட்டிப்பனியில் பிடிமானம் தருவது அது. பொதுப் பயன்பாட்டுக்கு அடியில் ஒன்று, பக்கத்தில் இரண்டு என்பது பரவலான அளவு.

இந்த இரு கோணங்கள், அடித்தளத்தின் மட்டம், அதில் கல்லால் கீறிய நுண்ணிய வரிகள், மெழுகு. தீட்டும் வேலையில் தப்பு நடந்தால் இவற்றுள் ஏதோ ஒன்றில்தான் நடந்திருக்கும்.

மலையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

சரிவின் ஓரமாக ஒதுங்கி ஸ்கீயைக் கழற்றுங்கள். முதலில் பிரேக்கைப் பாருங்கள். தீட்டும்போது கை இடிக்காமல் இருக்க, பிரேக்கின் இரு கால்களையும் மேலே இழுத்துத் தடித்த ரப்பர் பட்டையால் கட்டிவைப்பது வழக்கம். அதை அவிழ்க்க மறந்து கொடுத்துவிடுவதும் நடக்கும். அப்படியே இறங்கி விழுந்தால், கழன்ற ஸ்கீ கீழே நிற்பவர் மேல் பாயும். பூட்ஸைக் கழற்றியதும் பிரேக் சட்டென்று கீழே இறங்கி நிற்க வேண்டும். அடுத்து, பூட்ஸை ஸ்கீயோடு பூட்டி, விழும்போது விடுவிக்கும் அமைப்பான பைண்டிங்கின் முன்னும் பின்னும் உள்ள சிறிய கண்ணாடிச் சன்னலில் தெரியும் எண்கள் பழைய எண்கள்தானா என்று பாருங்கள். மாறியிருந்தால் நீங்களே திருகாதீர்கள். அந்த எண் உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் விதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. ஐஎஸ்ஓ 11088 என்ற தரநிலையே அதற்கு இருக்கிறது. பயிற்சி பெற்றவர் கருவியில் வைத்துச் சோதித்துத்தான் அதை மாற்ற வேண்டும்.

பிறகு நான் செய்த அதே சோதனை. இடம் மாற்றி மாட்டி, மெல்லிய சரிவில் நாலைந்து திருப்பம் போட்டுப் பாருங்கள். ஸ்கீ கால் மாறும்போது உள்விளிம்பு வெளியே போகிறது, வெளிவிளிம்பு உள்ளே வருகிறது. திருப்பத்தில் நாம் பாரம் போடுவது பெரும்பாலும் வெளிக்காலின் உள்விளிம்பில்தான். எனவே குறை ஸ்கீயில் இருந்தால் தொல்லை மறையும், அல்லது வேறு பக்கம் போகும். எந்த மாற்றமும் இல்லாமல் அதே திருப்பத்தில் அதே தொல்லை நீடித்தால், பூட்ஸையோ உங்கள் நிற்கும் விதத்தையோ கவனியுங்கள். இரு ஸ்கீயிலும் ஒரே குறை இருந்தால் இந்தச் சோதனை பேசாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஸ்கீ ஓடாமல் ஒட்டிக்கொள்கிறது என்றால், குறை சொல்வதற்கு முன் மற்றவர்களைப் பாருங்கள். கடுங்குளிரில் எல்லா ஸ்கீயும் மெதுவாகத்தான் போகும். உராய்வின் சூட்டில் பனியின் மேல்பரப்பு உருகி, அந்த மெல்லிய நீர்ப்படலத்தின் மேல்தான் ஸ்கீ வழுக்குகிறது என்பதை பௌடன், ஹியூஸ் என்ற இருவர் 1939-இல் சோதனைகளோடு எழுதினார்கள். குளிர் ஏற ஏற அந்தப் படலம் குறையும், பனிப் படிகம் மணலைப் போல அராவும். எல்லோரும் மெதுவாகப் போகிற நாளில் உங்கள் ஸ்கீ மட்டும் குற்றவாளி அல்ல. மற்றவர்கள் பறக்கும்போது நீங்கள் மட்டும் நின்றால், நகத்தால் அடித்தளத்தை லேசாகக் கீறுங்கள். நகத்தின் முன்னால் மெழுகு சுருளாகத் திரண்டு வந்தால் கடையில் சுரண்டாமல் விட்டிருக்கிறார்கள். பையில் ஒரு பிளாஸ்டிக் சுரண்டி இருந்தால் அங்கேயே முனையிலிருந்து வால்வரை இழுத்து எடுத்துவிடலாம். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

ஸ்கீ கவ்வி இழுத்துத் தள்ளுகிறது என்றால் மட்டும் பிடிவாதம் வேண்டாம். எதிர்பாராமல் மாட்டும் விளிம்பு முழங்காலை முறுக்கும். அன்றைக்கு லிஃப்டில் இறங்கி வந்துவிடுவதில் எந்த அவமானமும் இல்லை.

வீட்டில் நிதானமாகப் பார்ப்பது

ஸ்கீயைத் துடைத்து உலர்த்தி, அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணிநேரம் விடுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் உருக்கைவிடப் பல மடங்கு விரியும். குளிர்ந்த ஸ்கீயையோ, அப்போதுதான் மெழுகு தேய்த்த ஸ்கீயையோ அளந்தால் இல்லாத பள்ளமும் மேடும் தெரியும்.

விளிம்பைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கத்தியின் கூரைப் பார்க்கக் கட்டைவிரலை எப்படிக் குறுக்கே வைப்போமோ அப்படி. விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள், ஒரே இழுப்பில் கிழித்துவிடும். ஒரு கை தூரத்துக்கு ஒருமுறை விரல் நுனியை அடித்தளத்தில் வைத்து, வெளிப்பக்கமாக, விளிம்பைத் தாண்டி மெதுவாக நகர்த்துங்கள். பிறகு பக்கச்சுவரிலிருந்து, அதாவது விளிம்பை ஒட்டிய ஸ்கீயின் பக்கவாட்டிலிருந்து, அடித்தளத்தை நோக்கி அதேபோல. இரண்டு திசையிலும் வழவழவென்று போய், கடைசியில் ஒரு தெளிவான மூலை தட்டுப்பட வேண்டும். ஒரு திசையில் மென்மையாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் உறுத்தினால் அதுதான் பிசிறு. அரம் உருக்கைச் சீவும்போது ஓரத்தில் மடிந்து தொங்கிவிடும் மெல்லிய உலோகச் சவ்வு அது. விரலுக்கு அகப்படாததைப் பஞ்சோ பழைய நைலான் காலுறையோ காட்டிக்கொடுக்கும்.

பிசிறைக் கூர்மை என்று தப்பாக எண்ணிவிடக் கூடாது. "ரொம்பக் கூராத் தீட்டிட்டாங்க, அதான் கவ்வுது" என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நன்றாகத் தீட்டிய கூர்மையான விளிம்பு கவ்வாது. நீங்கள் சாய்த்தால் பிடிக்கும், நிமிர்த்தினால் விடும். பிசிறோ கேட்காமல் பிடித்துக் கேட்காமல் விடும். கூர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தின் முதுகை விளிம்பின் குறுக்கே லேசாக இழுத்தால் போதும். மெல்லிய வெள்ளைத் தூள் சீவி வந்தால் கூர் இருக்கிறது. நகம் வழுக்கிப் போனால் அந்த இடம் மழுங்கல். பாதத்துக்குக் கீழே, முன்னே, பின்னே என்று நான்கு விளிம்புகளிலும் பாருங்கள். ஒரு விளிம்பு நன்றாக இருப்பதை வைத்து மற்ற மூன்றையும் நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது மட்டம். ஸ்கீயை அடிப்பக்கம் மேலாக வைத்து, உண்மையான நேர்க்கோடுள்ள உருக்கு மட்டக்கோல் ஒன்றைக் குறுக்கே நிறுத்துங்கள். எதிரே விளக்கோ சன்னல் வெளிச்சமோ இருக்கட்டும். கண்ணை அடித்தளத்தின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால், கோலுக்கும் தளத்துக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று தெரியும். மெல்லிய சாதாரண அடிக்கோல் வளைந்திருக்கக்கூடும். அதைத் திருப்பி வைத்தும் ஒருமுறை பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் நம்புங்கள். முன்பக்கம், பாதத்தின் கீழ், வால்பக்கம் என்று பல இடங்களில் செய்ய வேண்டும்.

கோல் இரு விளிம்புகளிலும் முட்டி நின்று நடுவே வெளிச்சம் தெரிந்தால் விளிம்பு மேடு, தளம் பள்ளம். இந்த ஸ்கீ தண்டவாளத்தில் ஓடுவது போல நேராகவே போகப் பார்க்கும், காலைத் திருப்பிச் சறுக்க விடாது. நடுவே கோல் முட்டி, இருபக்கமும் வெளிச்சம் தெரிந்தால் தளம் மேடு. தட்டையாக ஓடும்போது இது அலைபாயும், கெட்டிப்பனியில் எவ்வளவோ சாய்த்த பிறகுதான் விளிம்பு பிடிக்கும். கடைசி இரண்டு மில்லிமீட்டரில், அதாவது உருக்கின் மேல் மட்டும், மயிரிழை வெளிச்சம் தெரிவது சரியானதே. அடிமுகத்தின் சாய்வு அது. நடுவில் மட்டும் மிகச் சிறிய பள்ளம் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். விளிம்பை ஒட்டிய ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டமாக இருப்பதுதான் முக்கியம்.

மை தடவும் சோதனை

கோணம் சரியா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆனால் அழியாத மைப்பேனா ஒன்றும், கோணம் குறித்த வழிகாட்டிச் சட்டமும், நுண்ணிய வைரக்கல்லும் இருந்தால் போதும். பக்கமுகத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மை பூசி, கேட்ட கோணத்தில் சட்டத்தை வைத்து, கல்லை ஒரே ஒரு முறை, எடையே இல்லாமல் இழுங்கள். மை முழு அகலத்துக்கும் சீராக அழிந்தால் கடைக்காரர் நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். அடித்தளத்தை ஒட்டிய கோட்டில் மட்டும் அழிந்தால், இருக்கும் சாய்வு உங்கள் சட்டத்தின் அளவைவிட அதிகம். பக்கச்சுவரை ஒட்டிய பக்கம் மட்டும் அழிந்தால் குறைவு. பக்கமுகத்தில் எந்தத் தப்பும் பெரிய தப்பு இல்லை. இன்னும் கொஞ்சம் உருக்குச் செலவில் அதைத் திருத்திவிடலாம்.

அடிமுகம் அப்படியல்ல. அங்கும் மை பூசி, ஒரு டிகிரி சட்டத்தை வைத்து இழுத்துப் பார்க்கிறீர்கள். வெளி மூலையில் மட்டும் மை போனால் சாய்வு ஒரு டிகிரிக்கும் குறைவு, வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். உட்பக்கம் மட்டும் போய் மூலையில் மை அப்படியே நின்றால், ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சீவிவிட்டார்கள். கெட்டிப்பனியில் ஸ்கீ பிடிக்காமல் வழுக்குவதற்கு இது முதல் தரக் காரணம். பக்கமுகத்தை எவ்வளவு தீட்டினாலும் தீராது. இதற்கு ஒரே வழி, அடித்தளம் முழுவதையும் கல்லில் தேய்த்து இறக்கி அடிமுகத்தைப் புதிதாக அமைப்பது. அது எந்திர வேலை, பட்டறையில்தான் நடக்கும். "இன்னும் கொஞ்சம் கூராக்கினால் பிடித்துவிடும்" என்று அடிமுகத்தில் கை வைப்பதுபோன்ற கெடுதல் வேறு கிடையாது. ஒவ்வொரு உரசலும் சாய்வை இன்னும் கூட்டும்.

நீங்களே தீர்க்கக்கூடிய பிசிறு

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் திரும்பக் கேட்கப் போகிறீர்கள் என்றால், கல்லைத் தொடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கும் பஞ்சு இழை, மட்டக்கோலின் கீழ் கசியும் வெளிச்சம், மை அழிந்த விதம், எல்லாவற்றையும். நீங்கள் உரசிய பிறகு எது யார் செய்தது என்று சொல்ல முடியாது.

ஸ்கீயை அசையாமல் பிடித்துக்கொள்ள வைஸ் இல்லாவிட்டால், இரண்டு மேசைகளில் வழுக்காத துணி விரித்து வைத்தும் செய்யலாம். பிரேக்கை ரப்பரால் கட்டிவிட்டு, முடிந்ததும் அவிழ்க்க மறக்காதீர்கள். நுண்ணிய கல்லை நீரில் நனைத்து, பக்கமுகத்தில் சட்டத்தோடு தட்டையாக வைத்து, முனையிலிருந்து வால்பக்கமாக மூன்று நான்கு இழுப்பு. பிறகு அடிமுகத்தில், அதுவும் சட்டத்தோடு, இறகு தொடுவதைப் போல ஓரிரு இழுப்பு. அங்கே நோக்கம் சீவுவது அல்ல, மடிந்து கிடக்கும் சவ்வை ஒடிப்பது மட்டும். தொடக்கத்தில் கல் கரகரவென்று பேசும். பிசிறு போகப் போகச் சத்தம் அடங்கி, நீரின் மேல் வழுக்குவது போல ஆகிவிடும். காது சொல்லும், கை தேவையில்லை. கடைசியாக மென்மையான ரப்பர்க்கல்லை மூலையின் மேல் இரு முகங்களுக்கும் நடுவாகச் சாய்த்து ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். பஞ்சு மறுபடி மாட்டினால் திரும்பவும் செய்யுங்கள், மாட்டாவிட்டால் நிறுத்துங்கள்.

வழியில் பளபளவென்று கண்ணாடி போல ஒரு புள்ளி தட்டுப்பட்டு, அரம் அதன் மேல் வழுக்கினால், அங்கே பாறை இடித்து உருக்கு இறுகியிருக்கிறது. அரத்தை அழுத்தினால் அரம்தான் பாழாகும். வைரக்கல்லால் அந்த இறுகிய தோலை எடுத்த பிறகுதான் மற்றது. நீட்டமாக நீலம் பாய்ந்திருந்தால் அது வேறு கதை. எந்திரத்தில் விளிம்பு அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. அதைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

முனையையும் வாலையும் மழுங்க வைக்கச் சொல்லும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. தட்டையாக வைத்தால் பனியைத் தொடாமல் மேல் நோக்கி வளையும் பகுதியில் மட்டும், ரப்பர்க்கல்லால், விரல் நீளத்துக்குச் செய்தால் போதும். புதிதாகப் பழகுகிறவர்கள் பயந்துபோய் கால்வாசி ஸ்கீயை மழுங்கடித்துவிடுகிறார்கள். பிறகு கெட்டிப்பனியில் பிடிக்கவில்லை என்று மறுபடி தீட்டக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் செய்து, சறுக்கிப் பார்த்து, போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம்.

மெழுகு

மெழுகு வேலை செய்வது தளத்துக்குள் ஊறி இருக்கும்போது. மேலே படலமாக நிற்கும்போது அது பனியைப் பிடித்துக்கொள்ளும். எனவே ஒட்டுகிற ஸ்கீக்கு முதல் மருந்து இன்னும் மெழுகு அல்ல, சுரண்டுவதுதான். அறைச் சூட்டில், கூரான ஓரமுள்ள பிளாஸ்டிக் சுரண்டியை இரு கையாலும் பிடித்து முனையிலிருந்து வால்வரை நீண்ட இழுப்பாக, சுருள் வருவது நிற்கும்வரை. பிறகு பித்தளை பிரஷ், அடுத்து நைலான் பிரஷ், அதே திசையில். பிரஷ் போட்டதும் தளத்தில் நுண்ணிய வரிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த வரிகள் நீர்ப்படலத்தை உடைத்து, ஈரப்பனி தளத்தை உறிஞ்சிப் பிடிக்காமல் காக்கின்றன. குளிர்ந்த பனிக்கு நுண்ணிய வரி, ஈரப்பனிக்கு ஆழமான வரி. ஆழமான நேர்வரி போட்டுவிட்டால் ஸ்கீ வரியின் போக்கிலேயே ஓடப் பார்க்கும், திருப்பம் சற்றுப் பிடிவாதமாக இருக்கும். விளிம்பில் குறை இல்லாமலேயே கவ்வுவது போன்ற உணர்வு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லில் தேய்த்து வந்த தளம் முதல் நாளில் மெதுவாக ஓடினால் அதைக் கெட்ட வேலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புதிதாகத் தேய்த்த தளம் தாகத்தோடு இருக்கும், நுண்ணிய பிளாஸ்டிக் மயிர்களும் நிற்கும். மெழுகேற்றி, ஆறவிட்டு, சுரண்டி, பிரஷ் போட்டு, மறுபடி மெழுகேற்றி என்று நாலைந்து சுற்று போனால்தான் அது தன் வேகத்துக்கு வரும்.

மெழுகேற்றும்போது உறையில் போட்டிருக்கும் சூட்டை மீறாதீர்கள். பாலிஎத்திலீன் சுமார் 135 டிகிரி செல்சியஸில் உருகும். தேய்ப்புப்பெட்டி சில சமயம் அந்தச் சூட்டுக்கு அருகிலோ மேலோ இருந்தும் ஸ்கீ தப்பிப்பது, பெட்டி ஓரிடத்தில் நிற்காமல் நகர்வதால்தான். புகை வந்தால் சூடு அதிகம். உடனே எடுத்துவிடுங்கள், சன்னலைத் திறந்துவையுங்கள். பழைய ஃப்ளோரின் மெழுகு கையில் இருந்தால் பயன்படுத்த வேண்டாம். உடலுக்கும் மண்ணுக்கும் நீருக்கும் கேடு என்பதால் பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்ஐஎஸ் 2023-24 பருவம் முதல் தன் போட்டிகளில் அதை முழுமையாகத் தடை செய்துவிட்டது.

தளத்தில் வழவழவென்று மினுங்கும் திட்டுகள் இருந்து, அங்கே மட்டும் மெழுகு ஊறாமல் நின்றால், பட்டறையில் பெட்டியை நிறுத்திச் சுட்டிருக்கிறார்கள். மேலோட்டமான திட்டு பித்தளை பிரஷுக்கும் சில சுற்று மெழுகுக்கும் வழிவிடும். தளம் கொப்பளித்திருந்தாலோ, விளிம்பை ஒட்டிப் பிரிந்திருந்தாலோ அந்த ஸ்கீயில் ஏறாதீர்கள்.

திரும்பக் கொடுக்கும்போது

தளம் மட்டமில்லாமை, அடிமுகச் சாய்வு அதிகம், சூட்டுக் காயம், பைண்டிங் எண். இந்த நான்கும் கடைக்குத்தான் போக வேண்டும். போகும்போது கோபத்தைவிடத் தகவல் நிறைய வேலை செய்யும். "சரியில்லை" என்று சொன்னால் மறுபடி ஒருமுறை எந்திரத்தில் விட்டுத் தருவார்கள், ஒரு சுற்றுத் தளமும் விளிம்பும் வீணாகும். ஒன்றரை மில்லிமீட்டர் தளத்தில் அப்படி எத்தனை சுற்றுத் தாங்கும்? அதனால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த ஸ்கீ, எந்த விளிம்பு, பனி எப்படி இருந்தது, ஸ்கீ என்ன செய்தது, மட்டக்கோலும் மையும் என்ன காட்டின. கீழே என்ன வேண்டும் என்பதும் இருக்கட்டும்: அடியில் எத்தனை டிகிரி, பக்கத்தில் எத்தனை, என்ன பனிக்கான வரி, பிசிறு கையால் நீக்க வேண்டும், மெழுகைச் சுரண்டி பிரஷ் போட்டுத் தர வேண்டும்.

உப்புத்தாள் பெல்ட்டில் தேய்ப்பார்களா, கல்லிலா என்று கேளுங்கள். மட்டத்தைச் சரிசெய்யக் கல்தான் ஏற்றது. நல்ல வேலைக்காரர் உங்கள் கேள்வியால் முகம் சுளிக்க மாட்டார், மட்டக்கோலை எடுத்து உங்கள் முன்னாலேயே வைத்துக் காட்டுவார். எங்கே குறை என்று பார்க்காமலேயே "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று அனுப்புகிற இடத்தில் இரண்டாவது முறை கொடுக்காதீர்கள். ஓட ஓடப் பிசிறு வேண்டுமானால் தேயும். பள்ளமும் மிகையான சாய்வும் அப்படியேதான் இருக்கும்.

வாங்கும்போது கடையிலேயே விரலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், கோலை வைத்துப் பாருங்கள், பிரேக்கை இறக்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மறுபடி சரிவில்

முதல் இறக்கம் உங்களுக்கு மிகவும் பழகிய, மென்மையான, சீர்செய்த சரிவாக இருக்கட்டும். முதலில் தட்டையாக நேரே ஓடவிடுங்கள். ஸ்கீ அமைதியாகப் போக வேண்டும். அடுத்து பக்கவாட்டுச் சறுக்கல். சரிவுக்குக் குறுக்கே நின்று, விளிம்பை மெல்ல நிமிர்த்தி, ஸ்கீயைக் கீழ்நோக்கிப் பக்கவாட்டில் வழுக்கவிடுங்கள். விளிம்பின் நிலையைச் சொல்ல இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. பிசிறு எங்காவது மிச்சமிருந்தால் அந்த இடத்தில் ஸ்கீ தடுக்கி நின்று நின்று வரும். முனையில் இருந்தால் முனை பின்தங்கும், வாலில் இருந்தால் வால் பின்தங்கும். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை, பிறகு ஸ்கீயை இடம் மாற்றி மாட்டி மறுபடி இருமுறை. நான்கு விளிம்பும் பேசிவிடும். பையில் ரப்பர்க்கல் இருந்தால் தடுக்கிய இடத்தை மட்டும் அங்கேயே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தொடரலாம்.

எல்லாம் சரியாக வந்ததும் ஒரு சிறிய ஒட்டுப்பட்டையில் அடிக்கோணம், பக்கக்கோணம், தேதி மூன்றையும் எழுதி, பைண்டிங்குக்குப் பின்னால் ஸ்கீயின் மேல்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். என் ஸ்கீயில் இப்போது அந்தப் பட்டையின் மேல் பட்டையாக ஐந்து இருக்கின்றன. தீட்டக் கொடுக்கும்போது கடைக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.